கன்னிமார் குடுக்காத முந்நூறு மீட்டர்

உக்காருங்க சார். காத்தாடிக்குக் கீழ உக்காருங்க. வண்டிய அங்கியே விட்டுட்டு எறங்கி வந்தது நல்லதுங்க, டிரைவரு பாத்துக்குவாரு. முன்னாடி ஒரு சிமெண்டு லாரி சேத்துல எறங்கிருச்சு. கிரேன் வரோணும். கிரேன்காரர் இப்பத்தான் சோத்துக்கு உக்காந்திருக்கறாரு, அவரு எப்பவுமே நிதானமாத்தான் சாப்பிடுவாரு. ஒரு மணி நேரம்னு வெச்சுக்குங்க. டீ சொல்லட்டுங்களா? சக்கரை போட்டா, போடாமயா?

இந்த டைவர்சன் போட்டு ஆறு வருசமாச்சுங்க. போர்டையே மூணு தடவை மாத்திட்டாங்க, துருப்பிடிச்சுப் போச்சுன்னு. "தற்காலிகப் பாதை, சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு இருக்குது பாருங்க. மொதப் போர்டுல "பணி நடைபெறுகிறது"ன்னும் ஒரு வரி இருந்துச்சு. ரெண்டாவது போர்டுல அதை எடுத்துட்டாங்க. நேர்மையான ஆளுக.

அறுபது கிலோமீட்டரு ரோடுங்க. நாலு வழி. அந்தப் பக்கம் இருந்தும் போட்டுட்டு வந்தாங்க, இந்தப் பக்கம் இருந்தும் போட்டுட்டு வந்தாங்க. நடுவால முந்நூறு மீட்டரு மட்டும் நிக்குது. அந்த முந்நூறு மீட்டருக்கு எல்லா வண்டியும் ஏரிக்குள்ள எறங்கி நாலு கிலோமீட்டரு சுத்தி மேல ஏறோணும். மழை பேஞ்சா ஏற முடியாது. அதான் இப்ப நீங்க பாக்கறது.

எதுக்கு நிக்குதுன்னு கேக்கறீங்களா? கன்னிமாரு சார். ஏழு கன்னிமாரு. அங்க தகரக் கொட்டாய் தெரியுதுங்களா, மஞ்சத் துணி கட்டினது, அதான் கோயிலு. ஏழு கல்லு. எங்க குலதெய்வம். ரோட்டுக்குக் கோடு கிழிச்சப்ப நேரா அதுக்கு மேல வந்துருச்சு. கலெக்டர் ஆபீசுல கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாங்க. பக்கத்துலயே எடம் தர்றோம், கருங்கல்லுலயே கட்டித் தர்றோம், நகத்திக்கலாங்களான்னு ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க. எங்காளுக எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்தாங்க, தலைக்கட்டுல நாந்தான் மூத்தவன். நான் எந்திரிச்சு நின்னு சொன்னனுங்க: "நாங்க யாரு சார் தடுக்கறதுக்கு? கன்னிமாரு உத்தரவு குடுத்தா நாளைக்கே எடுத்துக்குங்க." அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. நல்லபடியா முடிஞ்சுச்சுன்னு பிஸ்கட்டெல்லாம் குடுத்தாங்க.

உத்தரவுன்னா பூக் கேக்கறதுங்க. உங்க பக்கம் இருக்குதோ என்னவோ. ரெண்டு பொட்டலம் கட்டோணும், வாழை எலையில. ஒண்ணுல வெள்ளைப் பூவு, ஒண்ணுல செகப்புப் பூவு. சாமி முன்னால வெச்சு, பத்து வயசுக்குள்ள ஒரு பொம்பளப் புள்ளைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லோணும். வெள்ளை வந்தா சரி. செகப்பு வந்தா வேண்டாம். வருசத்துக்கு ஒருக்காத்தான் கேக்கலாம், ஆடிப் பதினெட்டு அன்னைக்கு. இடையில சாமியத் தொந்தரவு பண்ணக் கூடாது. பொட்டலம் கட்டற உரிமை மூத்த தலைக்கட்டுக்குத்தான். எங்கப்பன் கட்டினாரு, இப்ப நான் கட்டறேன். வேற ஆருங் கை வெக்க முடியாது.

மொத அஞ்சு வருசமும் செகப்புத்தான் வந்துச்சு.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. பொட்டலம் இவன் கட்டறான், கடையும் இவனுது டைவர்சன்லதான் இருக்குதுன்னு. ஆரும் நெனைக்கறதுதான். ஆனா எடுக்கறது புள்ள சார். நானா எடுக்கறேன்? அந்தப் புள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. அஞ்சு வருசமும் பூசாரி பேத்திதான் எடுத்துச்சு. சின்னப் புள்ள, ரெண்டு பொட்டலம் வெச்சாப் பெருசத்தான் எடுக்கும். எந்தப் புள்ளையா இருந்தாலும் அப்படித்தான் எடுக்கும். செவ்வரளி கொஞ்சம் வெறைப்பான பூவு, பொட்டலம் கட்டினாப் பொம்முன்னு நிக்கும். நந்தியாவட்டை பறிச்ச அரை மணி நேரத்துல சொங்கிப் போயிரும். அது பூவோட கொணம். அதுக்கு நான் என்ன பண்றது?

இன்னொண்ணும் சொல்லீர்றேன். இந்த ரோட்டை முடிக்கச் சொல்லிச் சாலைப் போராட்டக் குழுன்னு ஒண்ணு இருக்குதுங்க, அதுக்குத் தலைவரே நாந்தான். நாலு மனு குடுத்திருக்கறேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் மறியல் பண்ணினோம். வண்டியெல்லாம் ஏற்கெனவே நின்னுட்டுத்தான் இருந்துச்சு, அதனால மறியல் நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியல. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள கடையில பன்னு தீந்து போச்சு.

பேப்பர்ல ஒருக்காப் போட்டிருந்தாங்க சார். ரோட்டு வேலை இப்படி இழுத்துட்டே போறதால நாட்டுக்கு வருசத்துக்கு இத்தனை கோடி நட்டம்னு. நம்முளுது வளர்ற நாடாம், வளர்ற நேரத்துல ரோடு நின்னா எல்லாமே நின்னு போயிருமாம். ஒரு நாள் முச்சூடும் அதையே யோசிச்சேன். நட்டம் நட்டம்கறாங்களே, அது எங்க சார் போகுது? ஆவியாவா போயிருது? ஒருத்தனுக்கு நட்டம்னா அது இன்னொருத்தன்கிட்ட வந்து சேரத்தானே செய்யும்? கிரேன்காரரு முந்தி ஒரு ஓட்டை டிராக்டரு வெச்சிருந்தாரு. இன்னைக்கு ரெண்டு கிரேனு, மச்சு ஊடு. பஞ்சர் கடை ஒண்ணு இருந்தது மூணாச்சு. நான் சந்தையில டீக் கேன் தூக்கிட்டுத் திரிஞ்சவன். இன்னைக்கு எங்கிட்ட ஒம்பது பேரு வேலை செய்யறாங்க. நாடுங்கறது நாங்களுந்தானே?

கஷ்டம் இல்லைன்னு சொல்லலீங்க. நூல் மில்லு பஸ்ஸு இந்தப் பக்கம் வர்றதை நிறுத்திருச்சு, நாப்பது புள்ளைக வேலைக்குப் போயிட்டிருந்தது நின்னு போச்சு. அதுல நாலு பேரை நாந்தான் கடையில சேத்துக்கிட்டேன். மில்லுல குடுத்த சம்பளம் என்னால குடுக்க முடியாது, அது அவியளுக்கே தெரியும். ஆம்புலன்சு நேரத்துக்கு ஏற மாட்டாம இந்தக் கடை பின்னாடியே ரெண்டு பிரசவம் ஆகியிருக்குது. ரெண்டுமே சொகப் பிரசவம். ஒண்ணுக்குக் கன்னியம்மாள்னு பேரு வெச்சாங்க. இன்னொண்ணுக்கு என்னமோ வாயில நொழையாத பேரு.

கேக்கு சாப்பிடுங்க. நல்லா மெத்துன்னு இருக்கும். முட்டை தாராளமாப் போடறனுங்க. கட்டுப்படி ஆகுது. இந்தச் சுத்துப்பட்டெல்லாம் கோழிப்பண்ணைதான். முட்டை வண்டி ஏரிக்குள்ள எறங்கி ஏறினா அட்டைக்கு அட்டை கீறல் விட்டுரும். கீறல் முட்டைய மேல ஆரும் வாங்க மாட்டாங்க. திருப்பி ஏத்திட்டுப் போனா மிச்சமும் ஒடையும். அதனால இங்கியே எறக்கீர்றாங்க, நான் பாதி வெலைக்கு எடுத்துக்கறேன்.

அதுல முக்காவாசி எந் தம்பி பண்ணை முட்டையா இருந்துச்சுங்க.

அர்த்தநாரின்னு பேரு. எனக்கு நேர் எளையவன், பன்னெண்டு வருச வித்தியாசம். அப்பன் செத்தப்ப அவனுக்கு ஒம்பது வயசு, நாந்தான் தூக்கி வளத்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் அவன் பண்ணை. அஞ்சாயிரம் கோழி. எங்க சொந்தத்துல சொந்தமாப் பண்ணை போட்ட மொத ஆளு அவன்தான். அப்பத் தெனம் வெள்ளென அவன் டெம்போ இந்த டைவர்சன்ல ஏறித்தான் ஆகோணும், வேற வழி இல்லை. ஆறு வருசத்துல கேரளா யாவாரிக ஒவ்வொருத்தரா, உங்க பக்கத்து முட்டை வேண்டாம் போங்கன்னுட்டாங்க. தீவன லாரி உள்ள வர மாட்டேன்னு சொல்லிப் பொறவு மூட்டைய ரோட்டுலயே எறக்கிப் போட்டுட்டுப் போச்சு. ஒடஞ்சது பூராத்தையும் நாந்தான் வாங்கினேன். ஒரு நாளு ஒரு அட்டை வேண்டாம்னு திருப்பி விட்டதில்லை. வேற எந்த அண்ணனாவது இப்படிச் செய்வானுங்களா? எங்க ஊட்டுல அவகிட்ட அடிக்கடி சொல்லுவேன், நான் மட்டும் இந்தக் கடை வெக்காம இருந்திருந்தா அவன் கெதி என்ன ஆகியிருக்கும்னு. அவ மாவு பெசைஞ்சுட்டே இருப்பா.

இந்த வருசம் ஆனியிலயே மழை பிடிச்சுக்குச்சு. ஒரு நாள் காலையில தம்பி டெம்போ மேட்டுல ஏற மாட்டாம நின்னுருச்சு. நான் கடை வாசல்ல நின்னு பாக்கறேன். அவன் எறங்கி மொழங்கால் சேத்துல நின்னுட்டு வண்டியத் தள்ளறான். பின்னாடி அவன் பொண்டாட்டி முட்டை அட்டைகளுக்கு நடுவால உக்காந்திருக்குது. மடியில ரெண்டு அட்டை, ரெண்டு கையில ரெண்டு அட்டை, குலுங்காமப் பிடிச்சுட்டு. தெனமும் அப்படித்தான் உக்காந்துட்டு வருதாம். எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். டெம்போல எப்பவும் படுதா போட்டிருக்கும், அன்னைக்குக் காத்துல தூக்கிருச்சு. அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சுது. கை ரெண்டுலயும் அட்டை இருந்ததால படுதாவ இழுத்து விட முடியல அதுக்கு.

எனக்கு மனசு ரொம்பக் கெட்டுப் போச்சு சார். அன்னைக்கு முட்டைக்கு அஞ்சு பைசா சேத்தே குடுத்தேன்.

ஆடி மாசம் பொறந்து ஒரு வாரம் இருக்கும். தம்பி கடைக்கு வந்தான். நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே எடந்தான். டீயைக் குடிச்சுட்டுக் கெளாசை வெச்சான். பொறவு சொன்னான், "ஏனுங்ணா, இந்த வருசமும் செகப்பு வந்துச்சுன்னா கோழியப் பூரா வித்து ஏத்தி விட்டுறலாம்னு இருக்கறேன். இனி தாங்காதுங்ணா."

"ஏத்தி விட்டுட்டு?"

"சித்தூருப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில சூப்பர்வைசர் வேலை சொல்றாங்க. குடும்பத்தோட போயிருவோம்."

நான் சொன்னேன், "பொறுடா தம்பி, எல்லாம் கன்னிமாரு பாத்துக்கும்."

அவன் எந்திரிச்சான். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "பொட்டலம் நீங்கதானேங்ணா கட்டறீங்க?"ன்னான். "ஆமா, அது மூத்தவன் உரிமையாச்சே"ன்னேன். "நல்லாக் கட்டுங்க"ன்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்.

ஆடிப் பதினெட்டு வந்துச்சு. ஊரே வந்திருச்சு. கிரேன்காரரு, பஞ்சர் கடைக்காரங்க மூணு பேரு, எளநிக்காரரு எல்லாரும் குளிச்சு மொழுகித் துந்நூறு பூசிட்டு முன்னாடியே வந்து நின்னுக்கிட்டாங்க. அவிய பக்தி எனக்குத் தெரியும். ரோட்டு இஞ்சினியரம்மா ஒருத்தரு வந்திருந்தாங்க, புதுசா மாறி வந்தவங்க, நோட்டுப் புஸ்தகத்தோட ஓரமா நின்னுட்டிருந்தாங்க. தம்பியும் அவன் பொண்டாட்டியும் கடைசியில நின்னாங்க.

பூசாரி பேத்திக்குச் சித்தரையோட பத்து வயசு முடிஞ்சு போச்சு. வேற புள்ள வேணும். தம்பியே சொன்னான், "நம்ம கனிஷ்கா எடுக்கட்டும்"னு. அவன் மக, ஏழு வயசு. பங்காளி வீட்டுப் புள்ளதான், ஆருக்கும் மறுப்பில்லை.

நான் கோயிலுக்குப் பின்னாடி மறைவுல போயி உக்காந்தேன் பொட்டலம் கட்ட. அது மத்தவங்க பாக்கக் கூடாது. எலைய விரிச்சேன். எப்பவும் போல அரளிய அள்ளினேன். அள்ளின கை அப்படியே நின்னுருச்சு சார். தம்பி பொண்டாட்டி ரெண்டு கையிலயும் அட்டையப் பிடிச்சுட்டுச் சிரிச்சுதே, அது கண்ணுக்குள்ள வந்துருச்சு. கடை கெடக்குது போ, எனக்கு ஆரு இருக்கறா, ஒரே தம்பின்னு நெனைச்சேன். அரளியில மூணே மூணு பூவை வெச்சுக் கட்டினேன். நந்தியாவட்டைய ரெண்டு கை நெறைய அள்ளி வெச்சேன், அது சொங்கினாலும் தெரியாம இருக்கட்டும்னு மேல இன்னொரு கை. தேங்காய் கணக்கா இருந்துச்சு வெள்ளைப் பொட்டலம். இன்னொண்ணு பாக்கு மாதிரி. என் கடைய நானே கட்டி வெக்கற மாதிரி இருந்துச்சுங்க. ஆனா அன்னைக்கு எனக்கு அழுகை வரல. ரொம்ப வருசத்துக்குப் பொறவு நெஞ்சு லேசா இருந்துச்சு.

ஆருகிட்டயும் சொல்லலீங்க. எங்க ஊட்டுலகூடச் சொல்லல. தம்பிகிட்டயும் சொல்லல. இதெல்லாம் சொல்லிட்டுச் செய்யற காரியமா?

ரெண்டையும் கொண்டாந்து கன்னிமாரு முன்னால வெச்சேன். பெருசு அந்தப் புள்ள கைக்குப் பக்கத்துல. சின்னது அக்கட்ட, வெளக்குக்குப் பின்னால. பூசாரி மணி அடிச்சாரு. கனிஷ்கா பாவாடைய ஒதுக்கிட்டு உக்காந்துச்சு. ரெண்டையும் ஒரு தடவை பாத்துச்சு. ஒரு நிமிசம்கூட யோசிக்கல சார். வெளக்கைத் தாண்டிக் கைய நீட்டிச் சின்னதை எடுத்துருச்சு.

பூசாரி பிரிச்சாரு. மூணு அரளி.

கூட்டத்துல எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இஞ்சினியரம்மா நோட்டுல என்னமோ எழுதிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாங்க. தம்பி சாமியப் பாக்கலீங்க. என்னையப் பாத்தான். கோபமாவும் பாக்கல. கடையில முட்டை எண்ணி முடிச்சப்பொறவு ஒருக்காப் பாப்பானே, அந்த மாதிரி பாத்தான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. கடைசியில மனசைத் தேத்திக்கிட்டேன், நம்ம கையில என்ன இருக்குது, நாம என்ன கட்டினாலும் கன்னிமாரு நெனைச்சதுதானே நடக்கும்னு. உத்தரவு இல்லைன்னா இல்லை. எனக்கும் அன்னைக்குத்தான் சந்தேகமே இல்லாம நம்பிக்கை வந்துச்சு.

பத்து நாளுல கோழியப் பூரா ஏத்தி விட்டான். அந்த லாரியும் இந்த டைவர்சன்லதான் போச்சு. அடுத்த நாளு சாமான் ஏத்திட்டுக் குடும்பத்தோட கடை முன்னால நிறுத்தினான், சொல்லிட்டுப் போலாம்னு. அவன் அந்த மேசையில உக்காந்து டீக் குடிச்சான். அவன் பொண்டாட்டி வண்டிய விட்டு எறங்கல. நான் கனிஷ்காவைத் தூக்கிக் கல்லா மேல உக்கார வெச்சு ஒரு தேங்கா பன்னு குடுத்தேன். மனசு கேக்கல, கேட்டுட்டேன்: "ஏஞ்சாமி, அன்னைக்குப் பெருசு உங் கைக்குப் பக்கத்துலதானே இருந்துச்சு? ஏன் தங்கம் அந்தச் சின்னதைப் போயி எடுத்தே?"

அது பன்னைத் தின்னுட்டே சொல்லுச்சு, "அப்பா சொன்னாருங்க பெரியப்பா. பெரியப்பா எப்பவும் செகப்பைத்தான் பெருசாக் கட்டுவாரு, அதனால நீ சின்னதை எடு சாமின்னாரு."

நல்லாச் சத்தமாத்தான் சொல்லுச்சு. தம்பி நாலடி தள்ளித்தான் உக்காந்திருந்தான். தலையத் தூக்கவே இல்லை. மிச்சம் இருந்த டீயைக் குடிச்சு முடிச்சான்.

அப்பக் கணக்குப் போட்டுப் பாருங்க சார். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. எந்த வருசத்துலருந்து தெரியும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுட்டேதான் தெனமும் கீறல் முட்டையக் கொண்டாந்து எறக்கினான். தெரிஞ்சுட்டேதான் வாங்கண்ணா போங்கண்ணான்னு பேசினான். ஒரு நாளு ஊருக்கு முன்னால என்னைய ஒரு கேள்வி கேக்கல. அண்ணன் மானம் போயிரக் கூடாதுன்னு புள்ளைக்கு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கறான்.

எந்திரிச்சு வந்து டீக்குக் காசு குடுத்தான். எங்கிட்ட அவன் டீக்குக் காசு குடுத்ததே கெடையாதுங்க. நான் வேண்டாம்னு சொல்லோணும்னுதான் வாயைத் தொறந்தேன். கை வாங்கிக் கல்லாவுல போட்டுருச்சு.

இப்ப ஞாயித்துக்கெழமை தவறாம நான் போன் பண்றேன். நல்லாருக்கறயாடா தம்பிம்பேன். நல்லாருக்கறனுங்ணாம்பான். அங்க ரோடெல்லாம் எப்படீம்பேன். நல்லா இருக்குதுங்ணாம்பான். அப்பறம் போனை வெச்சுருவோம். ஒரே ஒரு வார்த்தைதான் சார் சொல்லோணும்: "தம்பி, இந்த வருசம் நான் வெள்ளையத்தான்டா பெருசாக் கட்டினேன்"னு. ஆனா அதைச் சொன்னா, முந்தின அஞ்சு வருசமும் நானாப் பாத்து அப்படிக் கட்டினதா ஆயிருமுங்களே. அது நான் செஞ்சதில்லையே சார், அரளிப் பூவோட கொணம்.